பாட்டியின் பித்தளைச் சருவம்



சென்ற மாதம் வாலிபர் கூடுகையில் ஜெபம் முடிந்து தேநீர் குடிக்கும்போது பேச்சு 'டீடாக்ஸ்' பக்கம் திரும்பியது. ஒரு தம்பி காலையில் வெறும் வயிற்றில் பச்சைச் சாறு குடிக்கிறானாம். ஒரு தங்கை இஞ்சியும் எலுமிச்சையும் கலந்த வெந்நீர். பக்கத்தில் நின்ற மூத்த அங்கிள் ஒருவர், "எங்க காலத்துல பள்ளிக்கூட லீவு விட்டா விளக்கெண்ணெய்தான். மூக்கைப் பிடிச்சு ஊத்திடுவாங்க" என்றார். எல்லோரும் சிரித்தோம்.

உடம்பைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டும் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் அன்று எனக்கு என் அக்கா வீட்டில் நடந்தது நினைவுக்கு வந்தது. அதை உங்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

அக்கா மகனுக்கு ஒரு வயதானபோது மருத்துவர் வழக்கமான இரத்தப் பரிசோதனை செய்தார். ஈயத்தின் அளவு 7 என்று வந்தது. இங்கே அமெரிக்காவில் குழந்தைகளுக்கு 3.5-ஐத் தாண்டினாலே கவனிக்கவேண்டும் என்று 2021 முதல் சொல்கிறார்கள். ஒரு டெசிலிட்டர் இரத்தத்தில் இத்தனை மைக்ரோகிராம் என்பது அந்தக் கணக்கு. பிள்ளை நன்றாக விளையாடினான், சாப்பிட்டான். பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை.

சில நாட்களில் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்தார். வீடு எந்த வருஷம் கட்டியது, பொம்மைகள் எங்கே வாங்கியவை, மசாலாப் பொடி எங்கிருந்து வருகிறது, கண்மை இடுகிறீர்களா, நாட்டு மருந்து கொடுக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். வீடு புதியது, சுவரில் பழைய பெயின்ட் இல்லை. பிறகு சமையலறைக்குப் போனார். துப்பாக்கி போன்ற ஒரு கருவியை ஒவ்வொரு பாத்திரமாக வைத்துப் பார்த்தார். அடுப்பில் இருந்த பித்தளைச் சருவத்தில் வைத்ததும் முகம் மாறியது.

அது பாட்டியின் சருவம். அம்மா ஊரிலிருந்து பெட்டியில் சேலைகளுக்கு நடுவே பொதிந்து கொண்டுவந்தது. உள்ளே பூசிய ஈயம் தேய்ந்து பித்தளை தெரிந்தது. அதில்தான் அம்மா தினமும் தக்காளி ரசம் வைத்து, சோற்றைக் குழைத்துப் பேரனுக்கு ஊட்டினார்கள்.

அன்று இரவு அம்மா சாப்பிடவில்லை. "எங்கையாலதானே பிள்ளைக்கு ஊட்டினேன்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள்.

நம் மொழியில் ஈயம் என்ற ஒரே பெயரில் இரண்டு உலோகங்கள் இருக்கின்றன. ஒன்று வெள்ளீயம். பாத்திரத்துக்குப் பூச வேண்டியது இதுதான், இது ஆபத்தில்லை. மற்றது காரீயம், இது நஞ்சு. பூச்சில் காரீயம் கலந்திருந்தாலும், பித்தளையிலேயே காரீயம் இருந்தாலும், புளி, தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்பு பட்டுச் சூடாகும்போது அது கரைந்து உணவில் இறங்கும். நிறமும் மாறாது, ருசியும் மாறாது. சில பழைய, விலை மலிவான அலுமினியச் சட்டிகளிலும் இதே சிக்கல் உண்டு. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டியில் ஆப்கான் அகதிக் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு ஈய அளவு ஏன் கூடுகிறது என்று தேடியவர்கள், கடைசியில் அவர்களுடைய சமையல் பாத்திரங்களில் வந்து நின்றார்கள்.

ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று எதுவும் தெரியவில்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடல் அதை நாலைந்து மடங்கு அதிகமாக உறிஞ்சும். வளரும் மூளையைப் பாதித்து, கற்கும் திறனையும் கவனத்தையும் குறைக்கும். உடம்பு அதைக் கால்சியம் என்று நினைத்து எலும்பில் சேர்த்துவைக்கும், அங்கே பல வருஷம் தங்கும். ஒரு பெண் கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து இறங்கி வயிற்றுப் பிள்ளைக்கும் போகும். எந்தச் சாறும், எந்த டீயும், விளக்கெண்ணெயும் எலும்பில் இருப்பதை எடுக்காது. அளவு மிக அதிகமானால் மருத்துவமனையில் தனி மருந்து கொடுப்பார்கள். மற்றபடி கல்லீரலும் சிறுநீரகமும் தங்கள் வேலையை இரவும் பகலும் செய்கின்றன. நாம் செய்யவேண்டியது, அவற்றின்மேல் புதுச் சுமை ஏற்றாமல் இருப்பதுதான்.

அதற்கு வீட்டில் செய்யக்கூடியவை சில:

பாத்திரம்: புளிப்புச் சமையலுக்கு எவர்சில்வர் போதும். எங்கே செய்தது என்று தெரியாத பித்தளை, அலுமினியம், ஈயச் சொம்பு, பளபளப்புப் பூச்சுள்ள மண்சட்டி இவற்றில் சமைக்கவோ உணவைச் சேமிக்கவோ வேண்டாம்.

பொடிகள்: வங்கதேசத்தில் மஞ்சளுக்கு நிறம் கூட்ட ஈயக் குரோமேட் கலந்தார்கள். 2019-ல் சந்தையில் எடுத்த மாதிரிகளில் ஏறக்குறைய பாதியில் அது இருந்தது. ஆய்வாளர்கள் வெளியே சொன்னார்கள், அரசு கடுமையாக நடவடிக்கை எடுத்தது, 2021-ல் எடுத்த மாதிரிகளில் ஒன்றில்கூட இல்லை. இங்கேயும் 2023-ல் பட்டைப்பொடியில் ஈயம் கலந்திருந்ததால் குழந்தைகளுக்கான ஆப்பிள் கூழ் திரும்பப் பெறப்பட்டது. ஊரிலிருந்து கொண்டுவருவதானால், சந்தையில் சில்லறையாக விற்கும் பொடியைவிட முழு மஞ்சளை வாங்கி வீட்டில் அரைப்பது மேல்.

கண்மை, நாட்டு மருந்து: சில சுர்மாக்களிலும் கண்மைகளிலும் ஈயமே முக்கியப் பொருள். குழந்தையின் கண்ணுக்கு எதுவும் இடவேண்டாம். பற்பம், செந்தூரம் போன்ற உலோக மருந்துகளை யாராவது சாப்பிட்டால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

தண்ணீர்: இங்கே புதிய கட்டடங்களில் ஈயக் குழாய்களுக்குத் தடை வந்தது 1986-ல்தான். பழைய வீடானால் சமைக்கவும் குடிக்கவும் குளிர்ந்த குழாய் நீரையே பிடியுங்கள். இரவு முழுவதும் தேங்கிய நீரைச் சில நிமிடம் ஓடவிடுங்கள். கொதிக்கவைத்தால் ஈயம் போகாது. வடிகட்டி வாங்கும்போது ஈயத்துக்கு என்று என்.எஸ்.எஃப். 53 சான்று இருக்கிறதா என்று பாருங்கள்.

தூசி: வீடுகளில் ஈயப் பெயின்ட் தடைசெய்யப்பட்டது 1978-ல். அதற்கு முந்திய வீட்டில் உரியும் பெயின்ட்டைச் சுரண்டாதீர்கள். ஈரத்துணியால் துடையுங்கள். செருப்பை வாசலிலேயே கழற்றும் நம் வழக்கம் இங்கே மிகவும் உதவும், வெளி மண்ணில் உள்ளது உள்ளே வராது. தவழும் பிள்ளைக்குச் சாப்பாட்டுக்கு முன் கை கழுவிவிடுங்கள்.

சாப்பாடு: இரும்புச்சத்தும் கால்சியமும் குறைந்த உடம்பு ஈயத்தை அதிகமாகப் பிடித்துக்கொள்ளும். முருங்கைக்கீரை, பருப்பு, முட்டை, கேழ்வரகு, தயிர், அவற்றோடு கொய்யா அல்லது ஆரஞ்சு. நம் வீட்டுச் சாப்பாடே போதும்.

வீட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையோ கர்ப்பிணியோ இருந்தால், இரத்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள்.

இனி உங்களுக்கென்று ஒரு வார்த்தை. 2 இராஜாக்கள் 4-ம் அதிகாரத்தில், பஞ்ச காலத்தில் ஒருவன் தெரியாமல் பறித்துவந்த பேய்க்கொம்மட்டிக் காய் கூழ்ப் பானையில் விழுகிறது. போட்டவன் கெட்டவன் அல்ல, மற்றவர்கள் பசியாற வேண்டும் என்றே தேடிப்போனவன். சாப்பிட்டவர்கள் ஆபத்தை உணர்ந்து சத்தமிட்டார்கள். எலிசாவும் அவனைத் திட்டவில்லை, பானையைக் கவனித்தார். எச்சரிக்கை அறிவிப்புகள் இங்கே ஆங்கிலத்தில் வருகின்றன. அவற்றை முதலில் படிப்பவர்கள் நீங்கள்தான். சொல்லவேண்டியவர்களும் நீங்களே. ஆனால் "உங்களுக்கு ஒன்றும் தெரியாது" என்று அம்மாவிடமோ பாட்டியிடமோ ஆரம்பிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, படித்துக்காட்டி, மாற்றுப் பாத்திரம் ஒன்றையும் வாங்கிக்கொடுத்துச் சொல்லுங்கள்.

அக்கா அப்படித்தான் செய்தாள். "அம்மா, நீங்க ஊட்டினது அன்பு. கெடுத்தது பாத்திரம்" என்றாள். சருவத்தை ஓரம் வைத்தார்கள், ரசம் எவர்சில்வருக்கு மாறியது. மூன்று மாதம் கழித்துப் பரிசோதித்தபோது 7 என்றிருந்தது 3-க்குக் கீழே இறங்கியிருந்தது. பிள்ளையை மருத்துவர் இன்னும் கவனித்துவருகிறார்.

சருவம் இப்போது வரவேற்பறை அலமாரியில் இருக்கிறது. போன ஞாயிறு சபை விருந்துக்குச் சமைக்கப் போன அம்மா, சாம்பாருக்கு எடுத்துவைத்த பழைய அலுமினியக் குண்டானைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேண்டாம் தங்கச்சி, அந்த எவர்சில்வரை எடு" என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்கள். ஏன் என்று அவர் கேட்க, அம்மா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார்கள்.