மேடு ஏற மறுக்கும் கார்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் சென்னையின் கார் பட்டறைகளில் ஒரே புகார் திரும்பத் திரும்பக் கேட்கும்: "வண்டி இழுக்கல, மிஸ்ஸிங் அடிக்குது." தாம்பரத்திலிருந்து வந்திருக்கும் வாசகர் கடிதமும் இதையே சொல்கிறது. இரவெல்லாம் மழையில் நின்ற பெட்ரோல் கார் காலையில் ஒழுங்காகக் கிளம்பியது. சமதளத்தில் குறையொன்றும் இல்லை. கத்திப்பாரா மேம்பாலம் ஏறும்போதுதான் குலுங்கித் தளர்ந்துவிட்டது. வெயில் அடித்ததும் தானாகவே சரியானது; அடுத்த மழையில் மறுபடியும் அதே தொல்லை. பட்டறையில் பெட்ரோல் பம்பை மாற்றிக் கொடுத்தார்கள், பயனில்லை.

விடை அந்தக் கடிதத்துக்குள்ளேயே இருக்கிறது. மேடு ஏறும்போது மட்டும் வருகிறது, காய்ந்ததும் போய்விடுகிறது. இந்த இரண்டு குறிப்புகளையும் சேர்த்துப் படித்திருந்தால் பம்பில் யாரும் கை வைத்திருக்க மாட்டார்கள்.

ஈரக்காற்றுதான் காரணம் என்று பலர் நம்புகிறார்கள். 30 டிகிரி வெப்பத்தில் காற்று தாங்கக்கூடிய மட்டும் ஈரத்தை ஏற்றுக்கொண்டாலும், அதில் நீராவியின் பங்கு சுமார் 4 சதவீதம்தான். அதனால் பலத்தில் வரும் குறைவை ஓட்டுபவரின் கால் உணர்வது அரிது. இன்ஜினுக்குள் போகும் சிறிதளவு நீரும் பகையல்ல. இரண்டாம் உலகப்போரின் போர் விமானங்களில் கூடுதல் சக்தி பெறுவதற்காகத் தண்ணீரையும் மெத்தனாலையும் கலந்து இன்ஜினுக்குள் பீய்ச்சினார்கள். 2016இல் வந்த பி.எம்.டபிள்யூ எம்4 ஜி.டி.எஸ் காரிலும் நீர் பீய்ச்சும் அமைப்பு உண்டு. ஈரம் வில்லங்கம் செய்யும் இடம் வேறு. அது மின்சாரம் போகும் பாதை.

பேட்டரி தரும் 12 வோல்ட்டை இக்னிஷன் காயில் 20,000 வோல்ட்டுக்கும் மேலாக உயர்த்துகிறது. அது ஸ்பார்க் பிளக்கின் நுனியில் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்டிப் பொறியாக வேண்டும். திறந்த வெளியில் இந்த இடைவெளிக்கு 3,000 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்தி அடர்த்தியாக்கிவிடுவதால் அங்கே பல மடங்கு தேவைப்படுகிறது. ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க உள்ளே வரும் காற்று கூடும், அழுத்தம் ஏறும், பொறி பாய்வது இன்னும் கடினமாகும். வைகுண்ட ஏகாதசியன்று கோயில் முன்வாசலில் நெரிசல் கூடினால் கூட்டம் பக்கவாசலைத் தேடுவது போல, மின்சாரமும் அந்த நேரத்தில் வேறு வழி தேடுகிறது. பிளக்கின் வெள்ளைப் பீங்கானுக்கும் அதைக் கவ்வியிருக்கும் ரப்பர் உறைக்கும் நடுவே ஈரம் புகுந்திருந்தால் அதுவே அந்தப் பக்கவாசல். சுத்தமான மழைநீர் மின்சாரத்தை அவ்வளவாகக் கடத்தாது. தெருப்புழுதியும் கடலோர ஊரின் உப்பும் அதில் கரைந்தால் நன்றாகவே கடத்தும். வண்டி நின்றபடி இன்ஜின் ஓடும்போதும் மெதுவாகப் போகும்போதும் ஒளிந்திருக்கும் குறை, மேம்பாலத்தில் வெளிப்படுவது இதனால்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அப்படி ஒருமுறை பீங்கானின் மேல் வழுக்கி ஓடிய மின்சாரம் தன் தடத்தைக் கரியாக எழுதிவிட்டுப் போகும். பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பார்த்தால், மேலிருந்து கீழாகப் பென்சிலால் இழுத்தது போல மெல்லிய கருங்கோடு தெரியும். கரி மின்சாரத்தைக் கடத்தும். ஆகவே அடுத்த முறை வழுக்குவதற்கு அவ்வளவு ஈரம்கூட வேண்டாம். நாளாவட்டத்தில் ஈரமே தேவைப்படாமல் போகலாம். மழையில் வந்த கோளாறு பங்குனி வெயிலிலும் விடாமல் இருப்பதன் ரகசியம் இந்தக் கோடு. பிளக்கை மட்டும் மாற்றிவிட்டுப் பழைய உறையையே மாட்டினால் பயனில்லை, உறையின் உட்புறத்திலும் அதே கோடு பதிந்திருக்கும். பீங்கானின் அடியில், உலோகத்தை ஒட்டி வட்டமாகப் படியும் பழுப்புக் கறை வேறு. அது உயர்மின்னழுத்தம் எண்ணெய்த் துகள்களை ஈர்த்ததால் வருவது, கெடுதல் செய்யாது. அதைப் பார்த்துவிட்டு நல்ல பிளக்கைத் தூக்கிப் போடுகிறவர்கள் நிறைய.

கார் தயாரித்தவர்களே இதில் சறுக்கியிருக்கிறார்கள். 1959 ஆகஸ்டில் பிரிட்டனில் வெளியான மினி காரில், அலெக் இசிகோனிஸ் இடத்தை மிச்சப்படுத்த இன்ஜினைக் குறுக்காக வைத்தார். பொறியைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் முன்புறக் கம்பித் தட்டிக்கு நேர் பின்னால் வந்து உட்கார்ந்தது. மழையில் ஓட்டினால் தட்டி வழியே வரும் நீர் அதன்மேல் தெறித்து இன்ஜின் நின்றுவிடும். வீட்டு வேலைக்குப் பயன்படும் ரப்பர் கையுறையின் விரல்நுனிகளை வெட்டி, வயர்களை அவற்றின் வழியே நுழைத்து, டிஸ்ட்ரிபியூட்டருக்கு மாட்டிவிட்டுச் சமாளித்தார்கள் மினிக்காரர்கள்.

இன்றைய கார்களில் டிஸ்ட்ரிபியூட்டர் இல்லை. பெரும்பாலானவற்றில் ஒவ்வொரு பிளக்கின் தலையிலும் ஒரு காயில் உட்கார்ந்திருக்கிறது. கண்டுபிடிப்பதும் எளிதாகிவிட்டது. முதலில் இன்ஜின் குலுங்குகிறதா, குலுங்காமல் வெறுமனே பலமிழக்கிறதா என்று பார்க்க வேண்டும். குலுங்கினால் ஏதோ ஒரு சிலிண்டர் வேலை செய்யவில்லை. மாருதி 800 காலத்திலிருந்து நம் சிறிய கார்கள் பலவும் மூன்று சிலிண்டர் கொண்டவை; ஒன்று படுத்தால் பலத்தில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. ஸ்கேனரை மாட்டினால் பி0301, பி0302 என்று பிழைக் குறியீடு வரும். கடைசி எண்தான் படுத்த சிலிண்டர். பி0302 வந்தால், இரண்டாம் சிலிண்டரின் காயிலையும் மூன்றாவதன் காயிலையும் இடம் மாற்றிப் போட்டு ஓட்டிப் பாருங்கள். குறியீடு பி0303 என்று மாறினால் குற்றவாளி காயிலோ அதன் உறையோ. மாறாமல் அங்கேயே நின்றால் முதலில் பிளக்கைப் பார்க்க வேண்டும். காசு செலவில்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் மூன்று காயிலையும் மாற்றச் சொல்லும் பட்டறைகளை என்னவென்று சொல்வது?

குலுங்காமல் இழுவை மட்டும் குறைந்தால் ஏர் ஃபில்டர் நனைந்து மூச்சு அடைத்திருக்கலாம், அல்லது ஏதோ ஒரு சென்சார் ஈரத்தில் தப்பாகச் சொல்ல, கணினி இன்ஜினைக் கட்டுப்படுத்தி ஓட்டிக்கொண்டிருக்கலாம். பெட்ரோல் போட்ட சற்று நேரத்தில் திணறினால் எரிபொருளைச் சந்தேகிக்கலாம். எத்தனால் கலந்த பெட்ரோலில் தண்ணீர் ஓர் அளவைத் தாண்டிச் சேர்ந்தால், எத்தனாலும் நீரும் ஒன்றாகப் பிரிந்து அடியில் தங்கும். டேங்கில் உள்ள பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான்.

தண்ணீர் பிளக் வரை போவதற்கு மழையை மட்டும் குறை சொல்ல முடியாது. முன்கண்ணாடிக்குக் கீழே உள்ள நீர்வடிகாலில் வேப்பிலையும் பூவும் அடைத்துக்கொண்டால், சில கார்களில் தேங்கிய நீர் வழிந்து இன்ஜின் மேலேயே சொட்டும். விரலால் வழித்துப் போட ஒரு நிமிடம் ஆகாது, செய்கிறவர்கள்தான் குறைவு. சர்வீஸில் பளபளப்புக்காக இன்ஜின் மேல் வேகமாகப் பீய்ச்சும் தண்ணீர் பிளக் குழியில் தேங்கி, அடைமழை செய்யாத கேட்டைச் செய்துவிடும். வெடித்த ரப்பர் உறையை அப்படியே மாட்டி அனுப்புவதும் நடக்கிறது. செக் இன்ஜின் விளக்கு விட்டு விட்டு மின்னும்போதும் மிதித்துக்கொண்டே போனால், எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதையும் பாழாக்கும். காயிலைவிடப் பல மடங்கு விலையுள்ள பாகம் அது.

இத்தனையும் ஈரத்தால் தளர்ந்த வண்டிக்கு. தேங்கிய வெள்ளத்துக்குள் ஓட்டி இன்ஜின் சட்டென்று நின்றுவிட்டால் கதை வேறு. சிலிண்டருக்குள் தண்ணீர் புகுந்திருக்கலாம். காற்றைப் போல நீர் அழுந்தாது. பிஸ்டன் அதில் மோதினால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். அப்படிக் கெட்ட இன்ஜினுக்கு, தனியாக இன்ஜின் பாதுகாப்புச் சேர்க்கை எடுத்திராத சாதாரண காப்பீட்டில் பணம் கிடைப்பது கடினம். ஆகவே தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்து பார்க்காதீர்கள். சாவியை எடுத்துவிட்டு இழுவை வண்டியைக் கூப்பிடுங்கள். பட்டறைக்குப் போனதும் பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிய பிறகுதான் இன்ஜினைச் சுழற்ற வேண்டும் என்று மெக்கானிக்கிடம் சொல்லிவிடுங்கள்.