வணிக இரகசியமும் பணியாளரின் கடமையும்

இந்தியாவில் வணிக இரகசியப் பாதுகாப்பிற்கெனத் தனிச்சட்டம் இயற்றப்படாத நிலையில், 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமும் நீதிமன்றத் தீர்ப்புகளுமே பணியாளரின் கடமையை வரையறுக்கின்றன. இவ்வகையில் உச்சநீதிமன்றம் 1967இல் தீர்ப்பளித்த கோலிகரி வழக்கு முதன்மையானது. செஞ்சுரி நிறுவனத்தின் டயர் நூலிழை ஆலையில் ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் சேர்ந்த மேற்பார்வையாளர், இடையில் விலகிப் போட்டி நிறுவனத்தில் பணியேற்றார். ஒப்பந்தக் காலம் முடியும்வரை அவர் அத்தொழிலில் பிறரிடம் பணிபுரியக் கூடாது, இரகசியங்களை வெளியிடக் கூடாது என்ற தடையை நீதிமன்றம் உறுதிசெய்தது. ஆயினும், பணிக்காலம் முடிந்தபின் பிறரிடம் தொழில்புரிவதைத் தடுக்கும் நிபந்தனை, அச்சட்டத்தின் 27ஆம் பிரிவின்படி பொதுவாகச் செல்லாது. மறைத்துக் காக்கப்படும் செய்முறை நிறுவனத்திற்குரியது. பணியில் பழகிப் பெற்ற திறன் பணியாளருக்குரியது. இரண்டையும் பிரிக்கும் எல்லை தெளிவற்றிருப்பதே வழக்குகளுக்குக் காரணமாகிறது. இந்தியச் சட்ட ஆணையம் 2024இல் தன் 289ஆம் அறிக்கையில் தனிச்சட்டம் தேவையெனப் பரிந்துரைத்திருப்பது இங்குக் கருதத்தக்கது.