கடைசிப் பாடமும் பொதுப் பாடநூலும்

அல்போன்ஸ் தோதே என்னும் பிரெஞ்சு எழுத்தாளரின் ‘கடைசி வகுப்பு’ என்ற சிறுகதையை ஆங்கில வாசக நூல்கள் வாயிலாக நம் ஆசிரியரும் மாணவரும் பலர் படித்திருப்பர். 1870-71 ஆம் ஆண்டுப் போரிலே பிரான்ஸ் தோற்றது. அல்சாஸ் மாகாணம் ஜேர்மனியின் கைக்கு மாறியது. இனி அங்குள்ள பள்ளிகளில் ஜேர்மன் மொழியே கற்பிக்கப்படல் வேண்டும் எனப் பேர்லினிலிருந்து கட்டளை வருகிறது. நாற்பது ஆண்டுகள் ஒரே கிராமத்திற் பணியாற்றிய ஆசிரியர் ஒருவர் தம் இறுதிப் பிரெஞ்சுப் பாடத்தை நடத்துகிறார். ஊர்ப் பெரியவர்களும் பின் வாங்குகளில் வந்து அமர்ந்திருக்கின்றனர். மொழியின் அருமையை அதனை இழக்கும் வேளையில் உணரும் சிறுவனின் வேதனை எந்நாட்டு வாசகனையும் உருக்கவல்லது.

ஆயினும், அக்கதை சொல்லாது விட்ட செய்தி ஒன்று உண்டு. அல்சாஸ் மக்களிற் பெரும்பாலோர் தம் வீடுகளிலே பேசியது ஜேர்மன் மொழியைச் சார்ந்த வட்டார வழக்கு. பிரான்ஸின்மீது அவர்களுட் பலர் கொண்ட பற்று மெய்யானது. அவர்களின் பேச்சு வழக்கைச் சுட்டி ஜேர்மனியர் அவர்களைத் தம்மவர் என்று உரிமை பாராட்டியதும் மெய்யே. ஒரே நிலத்தின்மீது இரு நாடுகளுக்கு இரு நியாயங்கள். ஒருவரின் கண்ணீர்க் கதையில் மற்றவருக்கு இடமில்லை. எழுபத்தைந்து ஆண்டுப் பகையின் வேர் இங்கேதான் இருந்தது.

அப்பகை எவ்வாறு வளர்ந்தது என்பதை அறிய, வென்றவர் தேர்ந்தெடுத்த இடங்களைக் கவனித்தாலே போதும். 1871 ஜனவரி 18 இல் ஜேர்மன் பேரரசு பிரகடனப்படுத்தப்பட்டது ஜேர்மன் மண்ணிலன்று. பிரெஞ்சு மன்னரின் வெர்சாய் அரண்மனைக் கண்ணாடி மண்டபத்தில். 1919 ஜூன் 28 இல் தோற்ற ஜேர்மனி உடன்படிக்கையிற் கையொப்பமிட வரவழைக்கப்பட்டதும் அதே மண்டபத்திற்கே. 1918 நவம்பர் 11 இல் கொம்பியேன் காட்டில் ஒரு புகைவண்டிப் பெட்டியினுள் போர்நிறுத்தம் கையொப்பமாயிற்று. 1940 இல் ஹிட்லர் அதே பெட்டியை அரும்பொருட் சாலையிலிருந்து வெளியே எடுப்பித்து, அதே இடத்தில் நிறுத்தி, ஜூன் 22 இல் பிரான்ஸின் தோல்வியை அதனுள்ளேயே எழுதுவித்தான். ஒவ்வோர் உடன்படிக்கையும் அடுத்த போருக்கு வித்தாயிற்று.

இடையில் அகப்பட்ட அல்சாஸ் 1871 முதல் 1945 வரை நான்கு முறை கைமாறியது. 1918 இன் பின் பிரெஞ்சு அதிகாரிகள் மக்களை அவர்தம் பிறப்புவழி நோக்கித் தரம் பிரித்து அடையாள அட்டை வழங்கினர். ஜேர்மன் வழியினர் பலரை நாடு கடத்தினர். 1940 இன் பின் நாஜிகள் பிரெஞ்சு மொழியையே தடைசெய்தனர். 1942 முதல் அல்சாஸிலும் அயலிலுள்ள மோசெல் பகுதியிலும் ஏறத்தாழ 1,30,000 இளைஞர் ஜேர்மன் சேனையிற் கட்டாயமாகச் சேர்க்கப்பட்டனர். தோதேயின் வகுப்பறை இருபுறமும் மாறிமாறி நடந்துகொண்டேயிருந்தது எனலாம்.

உறையூரை முற்றுகையிட்ட நலங்கிள்ளிக்கும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்ற கோவூர் கிழாரை நாம் அறிவோம். அவருக்கு ஒரு வசதி இருந்தது: இருவரும் சோழர், குலம் ஒன்று என்பதை நினைவூட்டினார். பிரான்ஸுக்கும் ஜேர்மனிக்கும் நினைவூட்டத்தக்க குலமொன்று இருக்கவில்லை. இருந்தவை பிணக்குவியல்களின் நினைவே. 1916 இல் வெர்டன் களத்தில் மட்டும் இரு தரப்பிலும் சுமார் மூன்று இலட்சம் பேர் மாண்டனர்.

1945 இன் பின் பிரான்ஸ் முதலிற் சென்றதும் பழைய பாதையிலேதான். நிலக்கரி வளம் மிக்க ஸார் பிரதேசத்தை ஜேர்மனியிலிருந்து பிரித்துத் தன் பொருளாதாரத்தோடு இணைத்தது. றூர் பள்ளத்தாக்கின் நிலக்கரியையும் உருக்கையும் கண்காணிக்க 1949 இல் ஒரு சர்வதேச அதிகாரசபை நிறுவப்பட்டது. எழுபது ஆண்டுகளில் மும்முறை படையெடுப்புக்குள்ளான நாட்டின் அச்சத்தை யாரும் குறைகூற இயலாது. எனினும், கட்டுப்பாடு தோற்றவனுக்கு மட்டுமே என்றால், அவன் எழுந்து நின்ற மறுநாளே அதை உடைக்க முற்படுவான் என்பதை 1919 காட்டியிருந்தது.

இதனை உணர்ந்தவர் பிரெஞ்சு வெளிநாட்டமைச்சர் றொபேட் ஷூமான். அவருடைய வாழ்க்கையே எல்லைப்புறத்தின் வரலாறு. தந்தை லொரேன் பகுதியைச் சேர்ந்தவர். 1871 இன் பின் ஜேர்மன் பிரசையானவர். ஷூமான் 1886 இல் லக்சம்பேர்க்கிற் பிறந்தார். ஜேர்மன் சர்வகலாசாலைகளிற் சட்டம் பயின்றார். முதலாம் உலகப் போரின் முடிவிலேதான் பிரெஞ்சுப் பிரசையானார். 1940 இல் நாஜிகள் அவரைக் கைதுசெய்தனர். 1942 இல் தப்பினார். 1950 மே 9 ஆம் நாள், ஜான் மொனே வகுத்த திட்டத்தை அவர் பாரிஸில் வெளியிட்டார். பிரான்ஸின் நிலக்கரி, உருக்கு உற்பத்தியும் ஜேர்மனியின் நிலக்கரி, உருக்கு உற்பத்தியும் ஒரே உயர் அதிகாரசபையின்கீழ் வைக்கப்படல் வேண்டும். விரும்பும் ஏனைய நாடுகளும் சேரலாம் என்பதே அதன் சாரம்.

இதன் புதுமை யாது? எதிரியின் உலைக்களத்திற்குக் காவல் வைத்த நாடு, அதே காவலைத் தன் உலைக்களத்திற்கும் ஏற்றுக்கொண்டது. முன்கூட்டியே இரகசியமாக அனுப்பப்பட்ட கடிதத்தின் மூலம் செய்தியறிந்த ஜேர்மன் அதிபர் கொன்றாட் அடனோவர் தயங்காது இசைந்தார். சமமானவனாக அழைக்கப்பட்டதன் பொருள் அவருக்கு விளங்கிற்று. 1951 ஏப்ரல் 18 இல் ஆறு நாடுகள் பாரிஸில் உடன்படிக்கை செய்தன. அதிலிருந்து வளர்ந்ததே இன்றைய ஐரோப்பிய ஒன்றியம்.

இதனை நல்லெண்ணத்தின் விளைவென்று மட்டும் சொன்னால் வரலாற்றுக்குப் பிழை செய்தவராவோம். சோவியத் வல்லமையைக் குறித்த பொது அச்சமும், அமெரிக்காவின் பொருளுதவியும் வற்புறுத்தலும் இருவரையும் நெருங்கச் செய்தன. தோல்விகளும் நேர்ந்தன. பொது ஐரோப்பியச் சேனை அமைக்கும் திட்டத்தைப் பிரெஞ்சுத் தேசிய சபையே 1954 ஆகஸ்ட் 30 இல் தள்ளிவிட்டது.

உண்மையான சோதனை ஸார் பிரதேசத்திலே வந்தது. அதற்கு ஐரோப்பிய அந்தஸ்து வழங்கும் ஏற்பாடு 1955 அக்டோபர் 23 இல் மக்கள் தீர்ப்புக்கு விடப்பட்டது. வாக்களித்தோரில் 67.7 வீதத்தினர் அதனை நிராகரித்தனர். ஜேர்மனியோடு சேரவே விரும்பினர் என்பது தெளிவாயிற்று. பழைய பிரான்ஸாயின் படையை நகர்த்தியிருக்கும். 1923 இல் இழப்பீடு தாமதித்ததற்காக றூர் பள்ளத்தாக்கினுட் புகுந்த நாடல்லவா அது! இம்முறை மேசையில் அமர்ந்து பேசியது. 1957 ஜனவரி 1 இல் ஸார் ஜேர்மனியோடு இணைந்தது. ஈடாக, லொரேன் ஆலைகளுக்குப் பயன்படும்படி மோசெல் நதியைக் கப்பற் போக்குவரத்துக்குச் செப்பனிட ஜேர்மனி சம்மதித்தது. ஒரு மாகாணம் ஒரு துப்பாக்கியும் வெடிக்காமற் கைமாறியது.

அடுத்த கட்டத்தை நடத்தியவர் டி கோல். வெர்டனிற் காயமுற்று, ஜேர்மனியிற் போர்க்கைதியாக இருந்தவர். இரண்டாம் போரிலே பிரெஞ்சு எதிர்ப்பின் தலைவர். அவரும் அடனோவரும் 1962 ஜூலை 8 இல் றீம்ஸ் தேவாலயத்தில் அருகருகே வழிபட்டனர். 1914 இல் ஜேர்மன் பீரங்கிகள் சிதைத்த ஆலயம் அது. பழைய இடத்தைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் மாறவில்லை, நோக்கம் மாறிவிட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 9 இல் லூட்விக்ஸ்பூர்க் நகரிலே டி கோல் ஜேர்மன் இளைஞர்முன் ஜேர்மன் மொழியிலேயே பேசினார். 1963 ஜனவரி 22 இல் கையொப்பமான எலிசே உடன்படிக்கையின்படி, நாட்டுத் தலைவர்கள் ஆண்டுக்கு இருமுறையேனும், வெளிநாட்டமைச்சர்கள் மூன்று மாதத்துக்கொருமுறையேனும் சந்திக்க வேண்டும். பிணக்கு எழுந்த பின் கூடுவதாயின் தாமதமாகிவிடும். ஆகவே பிணக்கு இருப்பினும் இல்லாவிடினும் கூட வேண்டும் என்பது விதியாயிற்று.

அவ்வாண்டிலேயே நிறுவப்பட்ட பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் பணிமனையின் மூலம் இதுவரை தொண்ணூறு இலட்சத்திற்கும் மேற்பட்ட இளைஞர் பரிமாற்றங்களிற் பங்குகொண்டுள்ளனர். அரசாங்கங்களுக்கு முன்னரே நகரங்கள் தொடங்கியிருந்தன என்பதும் குறிப்பிடத்தக்கது. லூட்விக்ஸ்பூர்க்கும் பிரெஞ்சு நகராகிய மொன்பெலியாரும் 1950 இலேயே இணைநகரங்களாயின.

எல்லாப் புண்ணும் எளிதில் ஆறவில்லை. ஒறதூர் என்ற பிரெஞ்சுக் கிராமத்தில் 1944 ஜூன் 10 இல் நாஜிப் படையினர் 640 க்கும் மேற்பட்டோரைக் கொன்றனர். பெண்களும் குழந்தைகளும் தேவாலயத்தினுள் எரிக்கப்பட்டனர். 1953 இல் விசாரணை நடந்தபோது, குற்றவாளிக் கூண்டில் நின்றோரிற் பலர் கட்டாயமாகச் சேர்க்கப்பட்ட அல்சாஸ் இளைஞர்! பாராளுமன்றம் அவர்களுக்கு மன்னிப்பளித்தது. ஒறதூர் அதனை நெடுங்காலம் பொறுக்கவில்லை. ஜேர்மன் ஜனாதிபதி ஒருவர் அக்கிராமத்தின் சிதைவுகளிடையே வந்து நின்றது 2013 இலேதான். அவர் வரும்வரை அறுபத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன.

இனி வகுப்பறைக்கு மீள்வோம். 2003 இல் இரு நாட்டு மாணவரும் பேர்லினிற் கூடியபோது, இரு நாட்டுக்கும் பொதுவான வரலாற்றுப் பாடநூல் வேண்டும் எனக் கேட்டனர். 2006 இல் அதன் முதற் பகுதி வெளிவந்தது. 2011 இல் மூன்றாம் பகுதியோடு நிறைவுற்றது. ஒரே பொருளடக்கம், இரு மொழிகள். இரு நாட்டாரும் வேறுபட்டு நோக்கும் இடங்களில் இரு நோக்குகளும் அருகருகே தரப்பட்டுள்ளன. அந்நூல் எல்லாப் பள்ளிகளிலும் நுழைந்துவிடவில்லை என்பது உண்மை. எனினும், எதிரியின் நியாயத்தைத் தன் பிள்ளையின் புத்தகத்தில் அச்சிட ஒரு நாடு சம்மதிப்பது சிறு காரியமன்று.

தோதேயின் ஆசிரியர் இறுதியிற் கரும்பலகையின் பக்கம் திரும்புகிறார். பேச நா எழவில்லை. இன்று அதே அல்சாஸின் தலைநகராகிய ஸ்ற்றாஸ்பூர்க்கிலிருந்து புறப்படும் டிராம் வண்டி, 2017 முதல் றைன் நதியைக் கடந்து ஜேர்மன் நகராகிய கேலுக்குச் செல்கிறது. வென்றவன் தனக்கும் விதி வகுத்துக்கொண்ட நாளிலிருந்துதான் அந்தப் பாலத்திற்கு அடித்தளம் இடப்பட்டது. நம் வகுப்பறைகளில் அக்கதையைப் படிப்பிக்கும் ஆசிரியர், கதை முடிந்த பின்னர் இந்த எஞ்சிய வரலாற்றையும் மாணவருக்குச் சொல்வாராயின், அந்தப் பாடம் நிறைவுபெறும்.