தைக்குடம் பாலத்துப் பிள்ளைகள்

2014-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து இளைஞர் ஒருவர் நமது இதழுக்கு இரண்டு பக்கக் கட்டுரை ஒன்றை எழுதியனுப்பியிருந்தார். கொச்சியிலே புதிதாகத் தோன்றிய இசைக்குழு ஒன்றைத் தொலைக்காட்சியில் கண்டு மகிழ்ந்த செய்தி அது. நாம் அதனை வெளியிடவில்லை. ‘இரைச்சலுக்கு நமது இதழில் இடமில்லை’ என்று ஓர் அஞ்சலட்டையும் எழுதிப் போட்டோம். அன்று அது நமக்குச் சாமர்த்தியமான வாக்கியமாகத் தோன்றியது.

அந்த அன்பர் இன்று ஒரு பெண் குழந்தைக்குத் தந்தை. சென்ற மாதம் சங்கக் கூட்டத்துக்கு வந்தவர், கூட்டம் கலைந்தபின் நம்மிடம் வந்து அந்த அஞ்சலட்டையை எடுத்துக் காட்டினார். மூலைகள் மடங்கியிருந்தனவே தவிர எழுத்து மங்கவில்லை. “கோபமில்லீங்க ஐயா. நம்ம ஆளுங்க இப்ப எல்லாரும் அவர் பாட்டைத்தானுங்களே கேக்கறாங்க, அதுக்காகக் கொண்டு வந்தேனுங்க” என்றார். நமக்கு நாணமாகப் போயிற்று. அந்தக் கடனைத் தீர்க்கவே இதனை எழுதுகிறோம்.

‘தைக்குடம் பிரிட்ஜ்’ என்பது அக்குழுவின் பெயர். கொச்சி நகரில், வைற்றிலாவுக்கு அருகே உள்ளது தைக்குடம். அங்கே பாலத்தை ஒட்டியிருந்த ஒரு குடியிருப்பில் சில இளைஞர்கள் கூடிப் பாடி வந்தார்கள். வாத்தியங்களோடு கூடி உறங்கி எழுந்த இடத்தின் பெயரையே 2013-ஆம் ஆண்டில் குழுவுக்கும் வைத்துக்கொண்டார்கள். கோவிந்த் மேனன், சித்தார்த் மேனன் என்ற இருவரும் அதன் முதல்வர்கள், உறவுமுறையில் சகோதரர்கள். கோவிந்துக்கு வயலின் கைவந்தது, பாடவும் வல்லவர். பத்துக்கும் மேற்பட்டோர் மேடையேறும் பெரிய குழு அது. அவர்களில் ஒருவர் நரைத்த தலையினர்: கோவிந்தின் தந்தையார் பீதாம்பரன் மேனன். மகனுடைய ராக் குழுவில் தந்தை பாடகர்! பிள்ளை கிதார் வாங்கினால் அரிசி மூட்டையை விற்றது போலப் பதறுகிற நம் இல்லங்களுக்கு இது புதுமையல்லவா?

அதே 2013-ஆம் ஆண்டில்தான் மாத்ருபூமி நிறுவனத்தார் ‘கப்பா டி.வி.’ என்னும் தொலைக்காட்சியைத் தொடங்கியிருந்தார்கள். ‘மியூசிக் மோஜோ’ என்பது அதில் ஒரு நிகழ்ச்சி. திரைப்படத்தின் துணையின்றி, குழுக்கள் தாமே வாசித்துப் பாடுவதற்கென்று அமைந்தது. அந்த நிகழ்ச்சியில் தோன்றிய சில நாள்களுக்குள் தைக்குடத்துப் பிள்ளைகளின் பெயர் கேரளமெங்கும் பரவிவிட்டது. ‘ஃபிஷ் ராக்’ என்றொரு பாட்டு. மீன்களின் பெயர்களை அடுக்கிக்கொண்டே போகிறது, அவ்வளவுதான் விஷயம். ஆனால் கிதாரும் முரசும் சேர்ந்து அந்த மீன்கடையைத் திருவிழாவாக்கிவிடும். ‘நாஸ்டால்ஜியா’ என்பது மற்றொன்று. பழைய திரைப்பாடல்களை ஒன்றோடொன்று கோத்த மாலை.

நம் இளைஞர்களை இழுத்தது மீன் பாட்டு. அதனை முதன்முதலாகக் கண்ட இரவைப் பற்றிச் சித்தூர், மீனாட்சிபுரம், மூணாறு, வண்டிப்பெரியாறு ஆகிய இடங்களிலிருந்து அன்பர்கள் நம்மிடம் சொன்னவை ஒரு பிடியளவு சேர்ந்துள்ளன. மூணாற்றுத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடொன்றில், மழைக்காலத்தில், கேபிள் வருவதும் போவதுமாக இருந்த இரவில், அண்ணனும் தங்கையும் தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்திருந்தார்களாம். உள்ளே அடுப்படியில் இருந்த ஆத்தா, “இந்த நேரத்துல என்னடா மீன்காரன் வந்திருக்கான்?” என்று கேட்டுவிட்டுச் சட்டியோடு வாசலுக்கு வந்துவிட்டாராம். அதைச் சொல்லும்போது தங்கை இப்போதும் கண்ணில் நீர் வரச் சிரிக்கிறார். ஆத்தா இன்று இல்லை.

கொழிஞ்சாம்பாறை அன்பரின் வீட்டு நிலை வேறு. அவருடைய தந்தையார் தென்னந்தோப்பு உடையவர். பழைய பாடல்கள் என்றால் உயிர். எலப்புள்ளியில் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனும், சித்தூரில் பிறந்த பி.லீலாவும் நம் பாலக்காட்டுச் சீமை தமிழ்த் திரைக்குக் கொடுத்த செல்வங்கள் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்பவர். அப்படிப்பட்டவரின் கூடத்தில், நீண்ட தலைமயிர்க்காரர் ஒருவர் தொண்டையின் அடியிலிருந்து உறுமினால் எப்படி இருக்கும்? “இது பாட்டாடா? சண்டையாட்டமில்ல இருக்குது!” என்று பெட்டியை அணைத்துவிட்டார். மகன் வாய்பேசாமல் தோப்புக்குப் போய், பம்புசெட்டு மோட்டார் அறையில் உட்கார்ந்து கைப்பேசியில் கேட்டான். ஒன்றரை மாதம் தந்தையும் மகனும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளவில்லை. கட்டுரை எழுதியது அந்த நாள்களில்தான். நமது அஞ்சலட்டை போய்ச் சேர்ந்ததும் அந்த நாள்களில்தான்.

இரைச்சல் என்று தந்தையார் சொன்னார், நாமும் சொன்னோம். அந்த இரைச்சலின் ஊற்று எங்கே இருக்கிறதென்று அன்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை. ராக் இசைக்குத் தாய் ‘புளூஸ்’. அமெரிக்காவின் தென்பகுதியில், பருத்திக் காடுகளில் பாடுபட்ட கறுப்பின மக்கள், அடிமைத்தளை அறுந்த பின்னும் வறுமைத்தளை அறாத காலத்தில் பாடிய துயரப் பாட்டு அது. வேலை செய்யும்போது ஒருவர் பாட மற்றவர்கள் எதிர்ப்பாட்டுக் கொடுத்த வழக்கம் அதனுள் இருக்கிறது. பிழைப்புத் தேடி அவர்கள் வடக்கே நகரங்களுக்குப் பெயர்ந்தபோது பாட்டும் கூடவே போயிற்று. மிசிசிப்பிக் காட்டிலிருந்து மடி வாட்டர்ஸ் 1943-இல் சிக்காகோ போய்ச் சேர்ந்தார். நகரத்து ஆரவாரத்துக்கு மேலே கேட்க வேண்டுமே! மின்சாரக் கிதாரைக் கையில் எடுத்தார். பின்னர் 1960-களில் இங்கிலாந்து இளைஞர் அதனைப் பற்றிக்கொண்டு உலகெங்கும் பரப்பினர்.

கங்காணியின் பின்னே மலையேறி, பிறர் நிலத்தில் கொழுந்து பறித்த குலத்தில் வந்தோர் நம் வாசகரில் பலர். தோட்டத்துக் கூலிகளின் தொண்டையில் பிறந்த ஓசையைக் கேட்டு நாமே காதைப் பொத்திக்கொண்டோம். தைக்குடத்தார் பாடியது சுத்தமான புளூஸ் என்று நாம் சொல்ல வரவில்லை. அவர்களிடம் கர்நாடக இசையும் உண்டு, நாட்டுப் பாட்டும் உண்டு, திரையிசையும் உண்டு. மலையாளம், தமிழ், இந்தி என்ற வேலிகளையும் அவர்கள் பார்ப்பதில்லை. ஆனால் அந்த உறுமலுக்கு ஒரு வம்சாவளி உண்டு.

இனி 2018-ஆம் ஆண்டுக்கு வருவோம். ஆகஸ்டு மாதத்துப் பெருவெள்ளத்தை நம்மில் எவர் மறப்பார்? இடுக்கி மலைகளில் நிலம் சரிந்து, பாதைகள் துண்டாகி, ஊரும் ஊரும் பிரிந்து கிடந்தன. அந்தத் துயரம் ஆறாத அக்டோபர் 4-ஆம் நாள், பிரேம்குமார் இயக்கத்தில் விஜய் சேதுபதியும் திரிஷாவும் நடித்த ‘96’ வெளிவந்தது. தஞ்சையில் ஒன்றாகப் படித்துப் பிரிந்த இருவர் நெடுங்காலத்துக்குப் பின் ஓர் இரவு சந்திக்கும் கதை. இசை, கோவிந்த் வசந்தா என்று பெயர் போட்டிருந்தார்கள்.

கொழிஞ்சாம்பாறைத் தந்தையார் தம் மனைவியோடு பொள்ளாச்சிக்குப் போய் அந்தப் படத்தைப் பார்த்தார். பழைய பாடல்களைக் கதாநாயகி பாடும் கதை என்று யாரோ சொன்னதால் போனார். திரும்பி வந்தவர் இரண்டு நாள் எதுவும் பேசவில்லையாம். மூன்றாம் நாள் திண்ணையில் மகனை அருகே அழைத்து, “அந்தப் படத்துல வயலின் வாசிச்சிருக்கான் பாரு, அவன் யாருடா? மனசை அறுத்துப்போட்டுட்டான்” என்றார்.

மகன் சற்று நேரம் பதில் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்காக நான்கு ஆண்டுகள் காத்திருந்தவன் ஆயிற்றே! பின்னர்க் கைப்பேசியை எடுத்து, மோட்டார் அறையில் தான் கேட்டுக்கொண்டிருந்த அதே பழைய காட்சியைத் தந்தையின் முன் வைத்தான். மேனன் என்று முன்பு அறியப்பட்டவர்தான் இப்போது தம் பெயரோடு வசந்தா என்று சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்பது தந்தைக்குத் தெரியாது. பெயர் மாறியதால் ஆளையும் வேறென்று நினைத்துவிட்டார். காட்சி முடியும் வரை பார்த்தார். “அப்ப இவனேதானா அவன்?” என்று மட்டும் கேட்டார். மகன் தலையசைத்தான். தந்தை எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார். சமாதானம் என்பது பல வீடுகளில் இவ்வாறுதான் நடக்கிறது.

வண்டிப்பெரியாற்றுத் தோட்டத் தொழிலாளியின் மகள் ஒருவர் கோட்டயத்தில் விடுதியில் தங்கிக் கல்லூரியில் படித்து வந்தார். மலையாளத்தைப் பிழையின்றிப் பேசுவார். எனினும், தமிழ்ப் பெண் என்று தெரிந்தால் ‘பாண்டி’ என்று சொல்லிச் சிரிப்பவர்கள் இருந்தார்கள். ஆகவே விடுதியில் வீட்டோடு தொலைபேசும்போது மாடிப்படிக்குக் கீழே போய்த் தணிந்த குரலில் பேசுவது அவர் வழக்கம். ‘96’ வந்த சில வாரங்களில் விடுதியெங்கும் சின்மயியின் குரல். ‘காதலே காதலே’ பாட்டுக்குப் பொருள் சொல்லும்படி மலையாளத் தோழியர் அவர் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்தார்களாம். ஒவ்வொரு சொல்லாக விளக்கினாராம். “அன்று முதல் அறையிலேயே உட்கார்ந்து அம்மாவோடு பேசினேன், ஐயா” என்று நமக்கு எழுதியிருக்கிறார். தைக்குடத்து முதற்காட்சியைப் பள்ளி நாள்களிலேயே பார்த்தவர் என்பதில் அவருக்குத் தனிப் பெருமை. தோழியருக்கு அந்தப் பழைய கதையையும் அவரே சொன்னாராம்!

‘நான் முன்பே அறிவேன்’ என்னும் இந்தப் பெருமையைச் சிறுபிள்ளைத்தனம் என்று நாம் ஒதுக்க மாட்டோம். புகழ் வந்தபின் கைதட்டுவது எளிது. உறுமலும் மீன் பட்டியலுமாக இருந்த நாளில், வீட்டாரின் கோபத்துக்கு நடுவே ஒருவன் காது கொடுத்தானே, அதற்கு ஒரு மதிப்பு இருக்கிறது. நமது இதழுக்கு அந்தக் காது அன்று இல்லை.

இடையே 2022-ஆம் ஆண்டில் அக்குழுவின் பெயர் நம் பாலக்காட்டு நீதிமன்ற வாசலிலும் கேட்டது. செப்டம்பர் 30-ஆம் நாள் வெளியான ‘காந்தாரா’ என்ற கன்னடப் படத்தின் ‘வராக ரூபம்’ பாட்டு, தங்கள் ‘நவரசம்’ என்னும் பாட்டை ஒத்திருக்கிறது என்று குழுவினர் முறையிட்டார்கள். படத்தின் இசையமைப்பாளர் அஜனீஷ் லோக்நாத் அதனை மறுத்து, ராகங்களின் ஒற்றுமையே காரணம் என்றார். கோழிக்கோட்டிலும் பாலக்காட்டிலும் மாவட்ட நீதிமன்றங்கள் இடைக்காலத் தடை விதித்தன. பின்னர் அவை நீங்கின. விவகாரம் மேல் மன்றங்களுக்குப் போயிற்று. தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் அந்த நாள்களில் சித்தூர்த் தேநீர்க் கடைகளில் இரண்டு பாட்டையும் மாற்றி மாற்றிப் போட்டு வாதாடிய இளைஞர்களைக் கண்டோம். கதகளி வேடக்காரரைக் காட்டும் ‘நவரசம்’ காட்சியை அப்போதுதான் நாமும் முதன்முறையாக முழுமையாகப் பார்த்தோம். வயலின் எழும் இடத்தில் கையிலிருந்த தேநீர் ஆறிவிட்டது என்பதை மறைக்காமல் எழுதுகிறோம்.

கோவிந்த் வசந்தா பின்னர்த் தமிழில் பல படங்களுக்கு இசையமைத்திருக்கிறார். 2024-இல் அதே பிரேம்குமார் இயக்கிய ‘மெய்யழகன்’ வந்தது. ஊரையும் வீட்டையும் இழந்து பெயர்ந்தவன் மீண்டும் ஊர் திரும்பும் கதை ஆகையால், நம்மவர் பலர் அதனை இரண்டு முறை பார்த்தார்கள். குடும்பத்தோடு போய்ப் பாட்டு முடிந்தும் எழுந்திராமல் உட்கார்ந்திருந்த மறையூர் அன்பர் ஒருவரை நாம் அறிவோம்.

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு மாலை, சங்கக் கூடத்தில் வெண்திரை கட்டி, 2013-ஆம் ஆண்டின் அந்தத் தொலைக்காட்சிக் காட்சிகளைக் காட்டுவதாக இளைஞர் அணியினர் முடிவு செய்திருக்கிறார்கள். கொழிஞ்சாம்பாறை அன்பர்தான் முன்னுரை கூறுகிறார். 2014-இல் நாம் திருப்பியனுப்பிய கட்டுரையையே படிக்கப் போகிறாராம். ஒரு சொல்லும் மாற்றமாட்டாராம். அவருடைய தந்தையாரும் வருகிறார். ஒலிபெருக்கிக்கு அருகே தமக்கு நாற்காலி போட வேண்டாம் என்பதும், ‘நாஸ்டால்ஜியா’வை முதலில் போட வேண்டும் என்பதும் அவர் விதித்த நிபந்தனைகள். இரண்டையும் இளைஞர் அணியினர் ஏற்றுக்கொண்டார்கள். வருபவர்களுக்குச் சுக்குக் காப்பி உண்டு.