பிறந்த ஊருக்கு விருந்தாளியாகப் போனேன்!

லீவு என்றாலே வேன் பிடித்து, மூன்று நாளில் ஏழு இடம் பார்த்து, ஓடி ஓடி போட்டோ எடுத்து வருகிறோமே, அதைப் பற்றித்தான் எழுத வந்தேன். திரும்பி வந்ததும் நமக்கு மிஞ்சுவது என்ன? கால் வலியும், துவைக்க ஒரு மூட்டை துணியும்தான். ஒரே இடத்தில் நாலு நாள் சும்மா இருந்துவிட்டு வருவதும் ஒரு சுற்றுலாதான் என்று எனக்குப் புரிய முப்பது வருஷம் ஆனது.

நான் பிறந்தது கம்பம் பக்கத்தில் சுருளிப்பட்டி. அப்போது மதுரை மாவட்டம்; 1996-ல்தான் தேனி தனி மாவட்டமானது. வாக்கப்பட்டு வந்தது மணலி புதுநகர். இங்கே கன்டெய்னர் லாரிச் சத்தம், காற்றில் ஆலை வாசனை. என் வீட்டுக்காரருக்கு ஷிப்ட் வேலை. அவர் பகலில் தூங்கும்போது மிக்ஸி போடக்கூடப் பயந்து குடித்தனம் செய்தேன்.

அம்மா திராட்சைத் தோட்டங்களில் குலை வெட்டும் கூலி வேலைக்குப் போனவர். நான் ஊருக்குப் போனதெல்லாம் கல்யாணம், காதுகுத்து, துக்கம் என்றுதான். போனதும் அடுப்படிக்குள் நுழைந்தால் பஸ் ஏறும் வரை அங்கேதான். "ஒரு நாளாவது தோட்டத்துல சும்மா உக்காந்துட்டுப் போயேன்டி" என்பார் அம்மா. "அடுத்த தடவை பாக்கலாம்மா" என்பேன். இரண்டு வருஷத்துக்கு முன்பு அம்மாவே போய்விட்டார். அம்மா போனதோடு ஊரும் போச்சு என்று மனசை மூடிவிட்டேன்.

போன தை மாதம், ரிட்டயர் ஆகி வீட்டில் இருக்கும் என்னவர், "உங்க ஊருக்கு நாலு நாள் போய் லாட்ஜ்ல தங்கலாமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "தம்பி வீடு இருக்கும்போது லாட்ஜா? ஊரே சிரிக்கும்" என்றேன். "தம்பி வீட்டுல தங்கினா நீயும் அந்தப் பொண்ணும் அடுப்படியிலதான் இருப்பீங்க. அதுக்கு நம்ம வீட்டுலயே இருக்கலாமே" என்றார். என்னிடம் பதில் இல்லை.

எப்படிப் போவது என்று கேட்பீர்கள். தெற்கே போகும் பஸ்கள் இப்போது கிளாம்பாக்கத்திலிருந்துதான் கிளம்புகின்றன. மணலியிலிருந்து அங்கே போய்ச் சேருவதே ஒரு பயணம்! எங்களுக்கு ரயில்தான் சௌகரியம். சென்ட்ரலிலிருந்து போடிக்கு 2023 ஜூனில் தொடங்கிய ரயில், வாரம் மூன்று நாள் ராத்திரி கிளம்புகிறது. மறுநாள் காலை தேனியில் இறங்கி, பஸ் ஏறினால் வீரபாண்டி, சின்னமனூர், உத்தமபாளையம் வழியாகக் கம்பம், சுமார் நாற்பது கிலோமீட்டர். ஒரு பக்கம் மேகமலை, இன்னொரு பக்கம் கேரள மலை, நடுவில் வயலும் தென்னையும். ஜன்னல் சீட்டை விடாதீர்கள். ரூம் போடுவது கம்பத்தில்தான் வசதி. ஹோட்டல், மருந்துக்கடை எல்லாம் பக்கத்திலேயே.

முதல் நாள் எங்கும் போகாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, தூங்குங்கள். நான் பகலில் நிம்மதியாகத் தூங்கி எத்தனை வருஷம் ஆகியிருந்தது தெரியுமா?

இரண்டாம் நாள் திராட்சைத் தோட்டம். சுருளி அருவிக்குப் போகிற சாலையோரத் தோட்டங்கள் சிலவற்றில் வருகிறவர்களை உள்ளே விடுகிறார்கள். கேட்டுவிட்டுப் போங்கள், கேட்காமல் குலையைத் தொடாதீர்கள். கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, தலைக்கு மேலே பந்தல். வெளியே வெயில் கொளுத்தினாலும் அடியில் குளுகுளுவென்று இருக்கும். நாசிக் பக்கம் ஒயின் தோட்டங்களில் தங்கி வருவது இப்போது ஒரு நாகரிகமாம். நம் கம்பம் பன்னீர் திராட்சை பெரும்பாலும் அப்படியே சாப்பிடவும், ஜூஸ் போடவும் போகிறது. 2023-ல் இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கொடியைக் கவாத்து செய்த சுமார் நாலு மாதத்தில் காய் பழுத்துவிடுவதால், தோட்டத்துக்குத் தோட்டம் மாற்றி மாற்றி வருஷம் முழுக்க இங்கே பழம் உண்டு. பழுக்கிற நேரத்தில் மழை பிடித்தால் மட்டும் பழம் வெடித்து, போட்ட காசும் போய்விடும். நாம் கடையில் பேரம் பேசும்போது இதையும் கொஞ்சம் நினைக்க வேண்டும்.

ஒரு குறிப்பு: பழத்தின் மேல் சாம்பல் பூத்த மாதிரி இருப்பது இயற்கையான மெழுகுதான். ஆனாலும் கொடிக்கு மருந்து அடிப்பார்கள். அதனால் பறித்த உடனே வாயில் போடாமல், மஞ்சள்தூள், உப்பு கலந்த தண்ணீரில் சிறிது நேரம் போட்டு, நல்ல தண்ணீரில் அலசிச் சாப்பிடுங்கள். ஊருக்கு வாங்குவதைக் கிளம்பும் நாளில் வாங்குங்கள். பன்னீர் திராட்சை சீக்கிரம் காம்பை விட்டு உதிரும். பிளாஸ்டிக் பையில் திணிக்காமல் அட்டைப்பெட்டியில் வையுங்கள்.

மூன்றாம் நாள் சுருளி அருவி. காலையிலேயே போய்விட்டால் கூட்டம் இருக்காது. ஆடி, தை அமாவாசைகளில் மட்டும் திதி கொடுக்க வரும் கூட்டம் நெரியும். வெள்ளம் வந்தாலோ யானை நடமாட்டம் இருந்தாலோ வனத்துறை குளிக்க விடாது; விசாரித்துவிட்டுப் போங்கள்.

நாலாம் நாள், முடிந்தால் கூடலூர் தாண்டி லோயர் கேம்பில் பென்னிகுக் மணிமண்டபம். 1895-ல் அவர் கட்டி முடித்த முல்லைப்பெரியாறு அணையின் தண்ணீர்தான் இந்தப் பள்ளத்தாக்கின் பச்சைக்கெல்லாம் காரணம். ஜனவரி 15 அவர் பிறந்த நாள். அன்றைக்கு அவர் பேரில் பொங்கல் வைக்கிறார்கள். தேக்கடி பக்கத்தில்தானே என்று அதையும் சேர்க்காதீர்கள். அதற்கு இன்னொரு தடவை வரலாம்.

தம்பி மனைவிக்கு நாங்கள் லாட்ஜில் தங்கியதில் வருத்தம்தான். "எங்க வீடு உங்களுக்கு ஆகலையா மதினி?" என்று போனிலேயே அழுதாள். ஒருவேளை சாப்பாடு அவள் வீட்டில் என்று சமாதானம் செய்தேன். அருவியிலிருந்து திரும்பும்போது அவளையும் தோட்டத்துக்கு வரச் சொன்னேன். அவளும் குலை வெட்டப் போகிறவள்தான். பந்தலுக்கு அடியில் சாக்கை விரித்து, இரண்டு பேரும் அம்மாவைப் பற்றிப் பேசிக்கொண்டே இருந்தோம். கிளம்பும்போது அவள் சொன்னாள், "இருவது வருஷமா தோட்டத்துக்கு வர்றேன் மதினி. வேலை இல்லாம உக்காந்தது இன்னைக்குத்தான்."

எனக்கும் அன்றைக்குத்தான். அம்மா இருந்தபோதே செய்திருக்கலாமே என்பது மட்டும் மனசில் முள்ளாகக் குத்துகிறது. தோழிகளே, உங்கள் அம்மா இன்னும் ஊரில் இருக்கிறாரா? விசேஷம் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஒரு காரணமும் இல்லாமல் நாலு நாள் போய், பக்கத்தில் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.

- ஒரு வாசகி, மணலி புதுநகர்