3,000 வருஷப் பழைய எகிப்து வண்டு: சர்டிஃபிகேட்டை நம்பலாமா?

எகிப்து டூர் போய்ட்டு வந்த கிளையண்ட் ஒருத்தர், வண்டு வடிவத்துல ஒரு சின்னக் கல்லை என் டேபிள்ல வச்சார். "3,000 வருஷப் பழசு சார், சொத்துக் கணக்குல காட்டணுமா?"ன்னு கேட்டார். கூடவே 'ஒரிஜினல்'னு ஒரு சர்டிஃபிகேட். கையெழுத்து யாருதுன்னு பார்த்தா, வித்த கடைக்காரரோடதேதான்!

எகிப்துல 1983-ல வந்த 117-ஆம் எண் சட்டம் பழம்பொருள் வியாபாரத்தையே தடை பண்ணிடுச்சு. அதனால கல் ஒரிஜினலா இருந்தா கேஸ், போலியா இருந்தா நஷ்டம். விஷயத்தைச் சொன்னதும், "போலியாவே இருக்கட்டும் சார்"னுட்டார்.

சரி, வெளிநாட்டு டீலர்கள்கிட்ட ஆன்லைன்ல வர்றது? அதெல்லாம் அந்தச் சட்டத்துக்கு முன்னாடியே முறைப்படி எகிப்தை விட்டு வெளியே வந்ததா இருக்கணும். யார் யார் கை மாறி வந்துச்சுன்னு பேப்பர் கேட்கணும். பேப்பர் கொடுத்துட்டா போதுமா? இங்கதான் பெரிய பெரிய ஆளுங்களே ஏமாந்திருக்காங்க.

2003-ல இங்கிலாந்தின் போல்டன் மியூசியம், 'அமர்னா இளவரசி'ங்கிற தலையில்லாத சிலையை 4,39,767 பவுண்டுக்கு வாங்குச்சு. பிரிட்டிஷ் மியூசியம் நிபுணர்களே பார்த்து ஓகே சொன்ன சிலை. ஆனா அதைச் செஞ்சவர் அதே போல்டன்ல இருந்த ஷான் கிரீன்ஹால்! அவர் குடும்பம் ஆதாரமா காட்டினது 1892-ல நடந்த ஒரு ஏலத்தோட கேட்டலாக். கவனிங்க, அந்த கேட்டலாக் அசல். அதுல எகிப்திய உருவங்கள்னு மொட்டையா ஒரு வரி இருந்துச்சு, அந்த வரிக்குள்ள இவங்க சிலையை நுழைச்சுட்டாங்க. ஆடிட்ல நாங்க தினம் பார்க்கற கதைதான் இது. பில் அசலா இருக்கும், குடோன்ல இருக்கற சரக்கு வேறயா இருக்கும்.

மாட்டினது எப்படின்னா, அடுத்து கொண்டுவந்த அசீரியச் சிற்பத்துல எழுத்துப் பிழை! 2007-ல ஷானுக்கு 4 வருஷம் 8 மாசம் ஜெயில்.

அதனால பேப்பர்ல இதே பொருளோட அளவு, போட்டோ, உடைஞ்ச இடம் இருக்கான்னு பாருங்க. விளம்பரத்துல 'எகிப்திய பாணி', 'மியூசியம் தரம்'னு இருந்தா அது நகலா இருக்கலாம். நாளைக்கு நீங்க சண்டைக்குப் போனா, "நான் பழசுன்னு சொல்லவே இல்லையே"ம்பார்.

அச்சுக் கோடு இருந்தா போலின்னு சில பேர் சொல்வாங்க. அதை மட்டும் நம்பாதீங்க. கல்லறையில வைக்கற உஷாப்தி பொம்மைகளை அந்தக் காலத்துலயே அச்சுல வார்த்திருக்காங்க. ஆனா உடைஞ்ச இடத்துல காற்றுக் குமிழியோட ரெசின் தெரிஞ்சா யோசிக்கவே வேண்டாம்.

அப்புறமும் வாங்கணும்னு ஆசையா? போலின்னு தெரிஞ்சா முழுப் பணமும் திரும்பத் தர்றேன்னு பில்லுலயே எழுதிக் கேளுங்க. டீலர் முகம் மாறுதான்னு பாருங்க.

நம்ம கிளையண்ட் வண்டு இப்போ அவர் டேபிள்ல பேப்பர்வெயிட்.