பறைச் சட்டமும் பட்டறைச் சாவியும்

பறையின் சட்டம் மூன்று மரத் துண்டுகள். வேம்பு உகந்தது. முழு வட்டமாக ஒரே பலகையில் அறுத்தால் நார் குறுக்கே ஓடும் இடத்தில் முறியும். மூன்று வளைவாக அறுத்துத் தகடு வைத்து இணைத்தால் தாங்கும்.

இந்த வளைவுகளைப் பல்கலைக்கழக வடிவமைப்புப் பட்டறையின் சி.என்.சி. ரூட்டர் ஒரே அளவில் அறுத்துத் தரும். மாணவர் வேலை, படம் தருவது. இங்க்ஸ்கேப் என்ற இலவச மென்பொருளில் மில்லிமீட்டர் கணக்கில் கோட்டுப்படம் வரைந்து, டி.எக்ஸ்.எஃப். கோப்பாகக் கொடுக்க வேண்டும். புகைப்படம் உதவாது. பலகையின் கனத்தை அளந்து சொல்லுங்கள். 6 மி.மீ. வெட்டுமுனை உள்மூலையை 3 மி.மீ. ஆரத்துக்குக் குறைவாக வெட்டாது. தகடு பதியும் பள்ளம் வரையும்போது இதை மறக்கக் கூடாது.

சேரியிலிருந்து முதல் தலைமுறையாகப் படிக்க வரும் பிள்ளைகளிடம் 'அது டிசைன் மாணவர்களுக்கு மட்டும்' என்று வாய்வார்த்தையில் சொல்லி அனுப்பிவிடுவது எளிது. இயந்திரம் சாதி கேட்காது. சாவி வைத்திருப்பவரைப் பற்றி அப்படிச் சொல்ல முடியுமா? விதியை எழுத்தில் கேளுங்கள். அரசுப் பல்கலைக்கழகம் என்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், பதில் 30 நாளில்.

தோலை இழுத்து ஒட்டுவது கைவேலை. அது தெரிந்த ஊர்ப் பெரியவரைப் பட்டறைக்கு அழைக்கவும், அவருக்கு மதிப்பூதியம் தரவும் துறைத்தலைவரிடம் தனி விண்ணப்பம் கொடுங்கள்.